மண்டியைக் கொட்டும் முன் ஒரு கேள்வி

மாணவர்களே, கஞ்சியில் கலந்தோ கோழியில் பிரட்டியோ நீங்கள் மார்மைட் சாப்பிட்டிருக்கலாம். அந்தக் கறுப்பு விழுது எதிலிருந்து வருகிறது தெரியுமா? பீர் ஆலைகளில் பயன்பட்டு, தொட்டியில் தங்கிப்போன ஈஸ்டிலிருந்து!

ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. இதுவே நொதித்தல். சர்க்கரை தீரும் வேளையில் ஈஸ்ட் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. ஓர் உயிரணுவின் விட்டம் ஏறக்குறைய 5 மைக்ரோமீட்டர்தான். தனியாக இருந்தால் மிக மெதுவாகவே இறங்கும். ஆனால் ஸ்டோக்ஸ் விதிப்படி, அடர்த்தி மாறாமல் விட்டம் 10 மடங்கானால், இறங்கும் வேகம் 100 மடங்காகும். அதனால்தான் கட்டிகள் விரைவில் அடியில் மண்டியாகப் படிகின்றன.

பீர் காய்ச்சுபவர்களுக்கு இந்த மண்டி ஒரு தொல்லை. அது பானத்தைக் கலங்கலாக்கும். ஆகவே பீப்பாயைக் குளிரவைத்து, அசைக்காமல் விட்டு, தெளிந்ததை மட்டும் மேலிருந்து எடுப்பார்கள். மிஞ்சியது கழிவு.

அந்தக் கழிவிலிருந்து 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் மார்மைட் தயாரிக்கத் தொடங்கினார்கள். உண்மையான திருப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிப் பெண்கள் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். நோய்க்கிருமியைத் தேடிய வில்ஸ், உணவின் மீதும் சந்தேகம் கொண்டார். நீலகிரியின் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் உணவை மாற்றிச் சோதித்தார். பிறகு குரங்குகளுக்கும் நோயாளிகளுக்கும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். பெண்கள் தேறினார்கள். 1931இல் முடிவுகளை வெளியிட்டார்.

அதில் இருந்த மருந்துப் பொருள் எது என்று அப்போது அவருக்கே தெரியாது. 1941இல் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் குறையின்றி உருவாக, இன்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் மாத்திரை அதுதான்.

மண்டியெல்லாம் மருந்து என்று நான் சொல்லவில்லை. இரத்தசோகையிலும் பல வகை உண்டு. மார்மைட் எல்லாவற்றையும் தீர்க்காது. எது உதவும், எது உதவாது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். வில்ஸ் செய்ததும் அதைத்தான்.

ஆனால் நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது? வடிகட்டுகிறோம், தெளிந்த நீரை அளக்கிறோம், வடிதாளில் நின்றதை அப்படியே குப்பையில் போடுகிறோம். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. இது மாற வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த சோதனையில் அந்த எச்சத்தின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உலர்த்தி எடை பாருங்கள். ஆசிரியரிடம் கேட்டு நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அதன் பிறகு கொட்டலாம்.