நட்ட கூலியும் காத்த கூலியும்



செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் செல்வோர், முட்புதர் மண்டிய கரடுகளைக் கண்டிருப்பர். "காடு அழிந்துவிட்டது, புதிதாய் நட வேண்டும்" என்கிறோம். எல்லா இடத்திலும் அது தேவையன்று. களா, காரை, வீரை, பாலை என நம் கடலோரக் காட்டுக்குரியவற்றுள் பல, வெட்டுண்டாலும் மீண்டும் துளிர்ப்பவை. ஆடு கடியாமலும் அரிவாள் படாமலும் சில ஆண்டுகள் காத்தாலே காடு தலையெடுக்கும். குழிக்கும் கன்றுக்கும் ஆகும் செலவு மிச்சம்.

ஆனால், காட்டை அடைத்தால் இழப்பு யாருக்கு? நாலு ஆடு வைத்துப் பிழைக்கும் கைம்பெண்ணுக்கும், சுள்ளி பொறுக்கி உலையேற்றும் இருளர் குடும்பத்துக்குமே. நிழலும் நிலத்தடி நீரும் எல்லார்க்கும். இழப்பு மட்டும் ஏழைக்கு என்பது நீதியாகுமா? ஆதலின் அவர்க்குரிய ஈட்டைக் கொடுத்தல் தருமமன்று, கடன்.

எதற்குக் கொடுப்பது என்பதே கேள்வி. குழி வெட்டுவதற்கு மட்டும் கூலி தந்தால், கன்று பிழைத்தாலும் பட்டாலும் வெட்டியவருக்கு ஒன்றே. காத்ததற்குக் கூலி தந்தால் நிலை வேறு.

ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் 2011 முதல் 2013 வரை இதனைச் சோதித்தனர். 60 ஊர்களில், தம் நிலத்து மரங்களை வெட்டாதிருந்த உழவர்க்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 70,000 உகாண்டா ஷில்லிங், அதாவது ஏறத்தாழ 28 டாலர், அளித்தனர். வேறு 61 ஊர்களில் அளிக்கவில்லை. அளிக்காத ஊர்களில் மரப்பரப்பு நூற்றுக்கு 9 பங்கு குறைய, அளித்த ஊர்களில் 4 பங்கே குறைந்தது.

அத்தனை தூரம் போவானேன்? நம் வேடந்தாங்கலே சான்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால், ஊரார் தலைமுறை தலைமுறையாய்ப் பறவைகளையும் அவை தங்கும் மரங்களையும் காத்தனர். வெள்ளையர் படையினர் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798-ஐ ஒட்டி ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணையும் பெற்றனர். காத்ததன் பயன் காத்தவர் வயலுக்கே வந்தது, காவலும் நிலைத்தது.

1997-இல் ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம், கிராம வனக் குழுக்களை அமைத்து ஊராரைப் பங்காளராக்கியது நல்ல தொடக்கமே. இனி வருவனவற்றில், முதலில் ஒரு பகுதியும், ஆண்டுதோறும் உயிருள்ள மரங்களை ஊரார் முன்னிலையில் எண்ணிய பின் எஞ்சிய பகுதியும் வழங்கலாம். பெயர்ப்பட்டியலில் ஆடு மேய்ப்பவரும் சுள்ளி பொறுக்குபவரும் முதலில் இடம்பெற வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இதனைக் கேட்க நம் குடும்பங்களுள் ஒருவரேனும் எழுந்து நிற்பாரா?