முதலில் கயிறு, பிறகு ஆள்

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி மயங்குகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அவரும் எழவில்லை. பிறகு மூன்றாமவர். ஊர்ப்பெயர் மட்டும் மாறி, இந்தச் செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மூடிய, குறுகிய இடங்களில் நேரும் மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986லேயே எச்சரித்தது. இவற்றைத் தியாகம் என்று போற்றிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் இவை முன்னேற்பாடு இல்லாததால் நேர்ந்த இழப்புகள். மேலே நிற்பவர் தான் இறங்காமலேயே கீழிருப்பவரை வெளியே தூக்க வழியில்லை என்றால், அந்தக் குழிக்குள் எவரையும் இறக்கக் கூடாது.

இடுப்பில் கயிறு கட்டி இறக்கினால் போதாதா என்று கேட்கலாம். நினைவிழந்த உடல் இடுப்புக் கயிற்றில் மடிந்து தொங்கும். குழியின் குறுகிய வாயில் சிக்கிக்கொள்ளும். கயிறு வயிற்றையும் மார்பையும் இறுக்கும். தோள், மார்பு, தொடை என உடல் முழுவதையும் தாங்கும் ஹார்னஸ் அணிந்து, முதுகின் மேற்பகுதியிலோ தோளிலோ கொக்கி மாட்டியிருந்தால் உடல் நிமிர்ந்தபடியே மேலே வரும். குழியின்மேல் நிறுத்திய முக்காலியும், கையால் சுழற்றும் வின்ச்சும் இருந்தால் ஒருவரே இன்னொருவரைத் தூக்கிவிடலாம். 5 அடிக்கு மேல் ஆழமுள்ள இத்தகைய இடங்களில் செங்குத்தாகத் தூக்க இயந்திரக் கருவி வேண்டும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி சொல்வது இதனால்தான்.

‘கண்ணெதிரே உயிர் போகும்போது கருவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?’ என்பது மனிதாபிமானத்திலிருந்து எழும் கேள்வி. அதற்கு விடை, விபத்துக்குப் பிறகு தேடும் நிலையே வரக் கூடாது என்பதுதான். இறங்கும்போதே கயிறு அவர் உடலோடு இணைந்திருந்தால், மயங்கிய அந்த நொடியிலேயே மீட்பு தொடங்கிவிடும். அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் செறிவு கூடும்போது, வாடையை உணரும் திறனே மூக்குக்கு மங்கிவிடுகிறது. வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குபவரும் விழுகிறார். ஆகவே வாயு அளவைக் கருவியால் சோதிப்பதும், காற்று செலுத்துவதும் கயிற்றோடு சேர்ந்தே நடக்க வேண்டும். அப்படியும் உள்ளே போய்த்தான் மீட்க வேண்டுமென்றால், அது சுவாசக் கருவி அணிந்த, பயிற்சி பெற்ற மீட்புப் படையினரின் வேலை.

கருவியை வாங்கி வைத்ததோடு கடமை முடிந்துவிடாது. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் மாநிலம் தேவ்கர் அருகே திரிகூட மலையில் ரோப்கார் பெட்டிகளில் பலர் சிக்கிக்கொண்டபோது, விமானப்படை ஹெலிகாப்டர்கள் அவர்களை மீட்டன. அப்படித் தூக்கும்போதே இருவர் விழுந்து இறந்தனர். அந்தரத்தில் உயிரைத் தூக்குவது, நிறைய ஆட்களும் வளங்களும் இருக்கும்போதுகூட எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது சான்று. கூரிய விளிம்பில் உராயும் கயிறு அறுந்துபோகலாம். மோட்டாரால் வேகமாக இழுத்தால், கை கால் எங்கேனும் மாட்டியிருப்பதை உணர முடியாது. கையால் சுழற்றுபவருக்கு அது இறுக்கமாகத் தெரிந்துவிடும். ஹார்னஸில் அசைவின்றி நெடுநேரம் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பளுவைத் தாங்கும் பிடிமானம், தனிப் பிடிமானத்தில் கட்டிய இரண்டாவது பாதுகாப்புக் கயிறு, விளிம்பில் உறை, ஒவ்வொரு முறையும் பரிசோதனை, அடிக்கடி ஒத்திகை ஆகிய அனைத்தும் சேர்ந்தால்தான் அது மீட்புக் கருவி.

2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழியில் இறக்குவதைத் தடைசெய்திருக்கும்போது, கயிற்றைப் பற்றிப் பேசுவது அந்த வேலையை ஏற்பதாகாதா என்ற கேள்வியும் நியாயமானது. இயந்திரமயமாக்கலே இலக்கு, கயிறு அதற்கு மாற்று அல்ல. ஆனால் கிணற்றில் தூர் வாருவோரும், ஆழ்தொட்டிகளில் பழுது பார்ப்போரும் இன்றும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். செலவைச் சாக்காகச் சொல்வதும் எடுபடாது. சாக்கடை மரணம் ஒவ்வொன்றுக்கும் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. முக்காலியும் வின்ச்சும் ஹார்னஸும் சேர்ந்தாலும் அதில் சிறு பங்குதான். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் இவற்றை வாங்கி, தீயணைப்பு மீட்புத் துறையைக் கொண்டு பயிற்சி தர வேண்டும். ஒப்பந்த வேலைகளில், கயிறு மாட்டாமல் ஆளை இறக்கினாலே, விபத்து நேராவிட்டாலும், ஒப்பந்ததாரருக்குத் தண்டனை கிடைக்க வேண்டும். உயிர் போன பிறகு மட்டும் விழித்தெழும் சட்டத்தால் எவரையும் மேலே தூக்க முடியாது.