நூலஞ்சலும் நம் கடமையும்

தனிமடலுக்கு ஒரு கட்டணமும் அச்சிட்ட நூலுக்கு அதனிற் குறைந்த கட்டணமுமாக வகுத்தது ஆங்கிலேயர்காலத்து அஞ்சல் முறை. பிரித்தானியாவில் 1848இல் தொடங்கிய நூலஞ்சல், பின்னர்க் குடியேற்ற நாடுகளிலும் பரவிற்று. இலங்கையின் அஞ்சற் பணியை 1908ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒழுங்குசெய்தது. நூற்பொதிக்குச் சலுகை வேண்டின், அது திறந்து பார்க்கத்தக்கதாயிருத்தல் வேண்டும், தனிமடல் உள்ளிருத்தலாகாது. சலுகையோடு மேற்பார்வையும் வந்தது என்க.

ஆயினும் அதனாற் கல்வி வளர்ந்தது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ 1947இற் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாகவே வந்தது. மட்டக்களப்பார் தம் நாட்டுப் புலவனின் நூலைக் கற்கவும் அது கடல்கடந்து வரல் வேண்டியிருந்தது. நூற்கடைகள் நகரத்தன, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வாழும் மாணாக்கனுக்கு அஞ்சற்காரரே நூல்வணிகர்.

அண்டை நாடாகிய இந்தியாவில் 1898ஆம் ஆண்டின் அஞ்சற் சட்டம் நீங்கி, 2023இல் இயற்றிய புதுச்சட்டம் 2024 யூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 18இற் பதிவு நூலஞ்சற் சேவை நிறுத்தப்பெற்றது. சிறு பதிப்பகத்தாரும் சிற்றிதழாளரும் வருந்தினர். அஞ்சற்பொருளை இடைமறித்துத் திறக்கும் அதிகாரமோ புதுச்சட்டத்தின் 9ஆம் பிரிவில் நிலைபெற்றுள்ளது. அயலார் விட்டுச்சென்ற இரண்டனுள், மக்களுக்கு உதவியது போயிற்று. அரசுக்கு உதவுவது நின்றது.

நம் நாட்டிலும் அஞ்சற் சட்டம் திருத்தப்பெறும் காலம் வருமாயின், அச்சிட்ட நூலுக்கெனத் தனிக்கட்டணம் எழுத்தில் இடம்பெறல் வேண்டும். அதனை வேண்டிக் கேட்கும் பொறுப்பு முதற்கண் ஆசிரியர்க்கே உரியது.