படத்தில் தெரியும் ஒளியும் விரலுக்குத் திரும்பும் உணர்வும்

பக்கவாதத்திற்குப் பின் கைகால்கள் ஓரளவு அசையத் தொடங்கியும், தொடு உணர்வு மட்டும் திரும்பாத நோயாளிகள் பலர் உண்டு. பண்பொழி, வடகரை, செங்கோட்டைப் பகுதிகளிலிருந்து வரும் அவர்தம் குடும்பத்தினர் அடிக்கடி கேட்பது இது: "அக்குபஞ்சர் ஊசி போட்டால் மரத்த கைக்கு உணர்வு வருமாமே? மூளை வேலை செய்வது ஸ்கேனிலேயே தெரியுமாமே?" இக்கேள்வியின் பிற்பாதி பெருமளவு உண்மை. முற்பாதிக்குச் சான்று இன்னும் போதவில்லை என்பதே என் கருத்து.

தொடு உணர்வு தோலில் தொடங்கி, தண்டுவடம் வழியே மேலேறி, பக்கம் மாறி, மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸைக் கடந்து மேற்புறணியை அடைகிறது. மூளைக்குள் இப்பாதை சிதைந்தால், கை நலமாயிருந்தும் அதன் செய்தி உரிய இடம் சேர்வதில்லை. செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. என்னும் படம், மூளையில் எப்பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது என்பதைக் காட்டும். ஊசி குத்தும்போது உணர்வுப் புறணியில் மாற்றம் தென்படுவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இதில் வியப்பில்லை, உள்ளங்கையைத் தூரிகையால் தேய்த்தாலும் அப்பகுதி விழித்துக்கொள்ளும். செய்தி ஒன்று வந்து சேர்ந்தது என்பதையே படம் சொல்கிறது. சட்டைப் பொத்தானை விரல் தானே கண்டுகொள்ளுமா என்பதை அது சொல்லாது.

படத்தை அவசரப்பட்டு நம்பிய வரலாறும் உண்டு. காலின் சுண்டுவிரலோரம் ஊசி குத்தினால் பார்வைக்குரிய மூளைப்பகுதி இயங்குவதாக, 1998-இல் சாங்-ஹீ சோ குழுவினர் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்றில் எழுதினர். அக்கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. 2006-இல், அம்முடிவுகளைத் தாங்கள் இனி ஏற்கவில்லை எனக் கூறி, எழுதியவர்களே அதனைத் திரும்பப் பெற்றனர். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் முதற்செய்தி போன தொலைவுக்கு மறுப்பு போகவில்லை.

நோயாளியின் முன்னேற்றத்தை அளந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பக்கவாத மறுவாழ்வில் அக்குபஞ்சர் குறித்து, 2257 பேர் பங்கேற்ற 31 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2016-இல் தொகுத்து ஆராய்ந்தது. சில பலன்கள் இருக்கக்கூடும். ஆய்வுகளின் தரம் போதாமையால் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க இயலாது என்பது அதன் முடிவு. பக்கவாதத்திற்குப் பின் முதற்சில மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு தேறும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். அக்காலத்தில் எதைச் செய்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும்.

உணர்வுக்கென்றே அமைந்த பயிற்சி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை என்பது என் வருத்தம். ஆஸ்திரேலியாவில் லியான் கேரி குழுவினர் 50 நோயாளிகளிடம் ஆராய்ந்து, அதன் பயனை 2011-இல் வெளியிட்டனர். கண்ணை மூடிக்கொண்டு, மரத்த விரலால் பொருளைத் தடவி இன்னதென்று சொல்ல வேண்டும். பின்பு கண்ணால் பார்த்தும் நல்ல கையால் தொட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். புளியங்கொட்டை, சாவி, நாணயம், சாக்குத் துணி, பட்டுத் துணி: வீட்டில் இருப்பவையே போதும். நாள்தோறும் செய்ய வேண்டும், சலிப்பூட்டும். அதனால்தானோ என்னவோ ஊசியளவு புகழ் இதற்கில்லை. நேரில் வர இயலாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீட்டிற்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் இதைக் கேட்கலாம்.

ஊசி போட்டுக்கொள்வதை நான் தடுப்பதில்லை. ஆனால் இரத்த அழுத்த மாத்திரையையும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையையும் "ஊசி முடியும்வரை வேண்டாம்" என்று நிறுத்துவதை ஏற்கவே முடியாது. மறுமுறை வரும் பக்கவாதம் முதல்முறையினும் கொடிது. உறைதல் தடுப்பு மாத்திரை உண்பதை ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். புதிய ஊசியைக் கண்முன்னே பிரிக்கச் செய்யுங்கள்.

உணர்வு திரும்பும்வரை, மரத்த பக்கத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். நண்பகல் வெயிலில் திருமலைக் கோவில் படிகளில் வெறுங்காலுடன் ஏற வேண்டாம். கால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. குற்றாலத்துப் பாறைகளில் கீறினாலும் அப்படியே. குளித்து வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டியவர் உடன் சென்றவர்தான்.

ஊசியோ பயிற்சியோ, தொடங்குமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடியிருக்கும் நோயாளியின் கையில் பத்துப் பொருள்களை ஒவ்வொன்றாக வைத்து, எத்தனையைச் சரியாகச் சொல்கிறார் என்று தேதியுடன் குறியுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி குறித்து, அத்தாளைப் புறநோயாளர் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள்.