பக்கத்து ஊருக்கு ஒரு முழு நாள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அரை மணி நேரம். அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அந்த ஊரை இன்னும் பார்த்ததில்லை. ஆண்டாளைச் சேவித்திருப்பார்கள். ஆடிப்பூரத் தேர் பார்த்திருப்பார்கள். திரும்பும்போது கையில் பால்கோவா இருக்கும். ஆனால் கோயிலுக்குப் போவது வேறு, ஊரைப் பார்ப்பது வேறு என்பது என் கட்சி.

இப்படி யோசிக்க வைத்தது எங்கள் இலங்கைப் பயணம். மகன், மருமகள், பேத்தியோடு கொழும்பில் தங்கியிருந்தபோது ஒருநாள் ரயிலேறிக் காலி நகரத்துக்குப் போய்வந்தோம். (பெயர்தான் காலி, ஊர் நிறைந்த ஊர்!) வழிநெடுக வலது பக்கம் கடல். காலிக் கோட்டையைப் போர்த்துக்கீசியர் 1588-ல் கட்டினார்கள். 1640-ல் டச்சுக்காரர்கள் பிடித்து, பிறகு பெரிதாக்கிப் பலப்படுத்தினார்கள். 1988-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2004 சுனாமியில் வெளியே நகரம் சிதைந்தபோது, கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெருமளவு காத்தது அந்தப் பழைய மதில்தான்.

அங்கே பரபரப்பாகச் சுற்றிப் பார்க்க ஒன்றுமில்லை. மதில் மேல் மெதுவாக நடக்கிறார்கள், உட்காருகிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள். 1755-ல் கட்டிய டச்சுத் தேவாலயம், கலங்கரை விளக்கம், அதன் அருகே பள்ளிவாசல் எல்லாமே நடக்கும் தூரம். என் முழங்காலுக்கும் அது கட்டுபடியானது.

முந்தின நாள் கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு பார்த்திருந்தோம். சீனத் தளபதி செங் ஹ காலியில் நிறுவியது. 1409 என்று தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி திருமாலுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. "நம்ம வில்லிபுத்தூர்ல இருக்கிற பெருமாளா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். "அவரேதாம்மா" என்றேன். வில்லிபுத்தூர் கோயிலுக்கு எத்தனையோ முறை வந்த குழந்தை. அவரைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி கடல் தாண்டித்தான் வந்தது. நின்று பார்க்க நேரம் கொடுத்தால் குழந்தைகள் தானாகக் கேட்பார்கள்.

அந்த நேரத்தை நம் ஊரில் ஏன் கொடுப்பதில்லை? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாளுக்கு மேலேயே சரக்கு இருக்கிறது. காலையில் ஆண்டாள் அவதரித்த நந்தவனம், பதினோரு நிலைக் கோபுரம், ஆண்டாள் முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு. இலையாலும் பூவாலும் தினமும் புதிதாகக் கட்டும் அந்தக் கிளியை நின்று பாருங்கள். புரட்டாசியில் இங்கிருந்து திருப்பதிக்கு மாலை போகும் கதையைச் சொல்லுங்கள். பிறகு ரத வீதிகளில் ஒரு நடை, திருமுக்குளம், திருமலை நாயக்கர் அரண்மனை, மடவார்வளாகம் வைத்தியநாதர் கோயில், 1875-லிருந்து இருக்கும் பென்னிங்டன் நூலகம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை, கிண்டும் இடத்திலேயே சூடாகத் தின்னுங்கள். கடல் இல்லையே என்றால், மலை இருக்கிறது. மாலையில் செண்பகத்தோப்புப் பக்கம் போனால் மேற்குத் தொடர்ச்சி மலை கண் நிறைய நிற்கும்.

அதற்காக நம் ஊரைக் காலியாக மாற்றச் சொல்லவில்லை. அங்கே கோட்டைக்குள் பல வீடுகள் ஓட்டல்களாகவும் கடைகளாகவும் ஆகிவிட்டன. குடியிருப்பவர்கள் போய்விட்டால் பழைய ஊர் வெறும் காட்சிப் பொருள்தான். ரத வீதி வாசலில் இன்றும் கோலம் விழுகிறதே, அதுதான் நம் சொத்து. அதைக் கெடுக்காமல் மூன்று செய்தால் போதும்: நடக்கிற வழியில் நிழலோடு நாலு பெஞ்சு, பெண்களும் முதியவர்களும் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, ஒவ்வோர் இடத்திலும் நல்ல தமிழில் நாலு வரிப் பலகை. இதற்கு யுனெஸ்கோ வர வேண்டியதில்லை.

பெஞ்சும் பலகையும் வருகிறபோது வரட்டும். அடுத்த லீவுக்குப் பிள்ளைகள் விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால், பேரன் பேத்தியை ஒரு முழு நாள் வில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போங்கள். கைபேசி வேண்டாம், அவசரம் வேண்டாம். தாத்தா பாட்டிக்குத் தெரிந்த கதைகளை அந்த வீதியிலேயே வைத்துச் சொல்ல, நமக்கும் இன்னும் எத்தனை லீவு மிச்சமிருக்கிறது?