கைவண்ணம்: மார்க்கரில் மலரும் செம்பருத்தி... முதன்முறை வரைபவர்கள் கவனிக்க!

ஆல்கஹால் மார்க்கர் செட் வாங்கிய பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ஆன்லைனில் ஆசையாக ஆர்டர் செய்வார்கள். பெட்டி வந்த அன்றே நோட்டை விரித்து ஒரு ரோஜாவோ செம்பருத்தியோ வரைவார்கள். ரீல்ஸில் பார்த்த பூ பனித்துளியோடு நிஜம்போலவே இருந்தது. இங்கே வந்திருப்பதோ, சிவப்பு மை கோட்டைத் தாண்டி ஊறிப்போன ஒரு திட்டு. தாளைத் திருப்பினால் பின்பக்கமும் அதே பூ. இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு, `நமக்கெல்லாம் ஓவியம் வராது' என்ற முடிவோடு பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

செலவழித்த பணம்கூடப் பெரிதில்லை. இத்தனை வருடம் கழித்து மீண்டும் வரையலாம் என்று ஒரு அம்மா ஆசைப்பட்டிருப்பார். அந்த ஆசையும் சேர்ந்து பரணுக்குப் போகிறதே, அதுதான் வருத்தம். இத்தனைக்கும் தவறு பெரும்பாலும் கையில் இருக்காது. தாளில் இருக்கும், ஃபேனில் இருக்கும், எந்த நிறத்தை எப்போது வைப்பது என்ற வரிசையில் இருக்கும்.

இந்த மை எப்படி வேலை செய்கிறது?

சாதாரண ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது தண்ணீர் கலந்த மை. ஒரே இடத்தில் இரண்டு முறை தேய்த்தால் தாள் நைந்து, கோடு கோடாகத் தெரியும். ஆல்கஹால் மார்க்கரில் சாயம் ஆல்கஹாலில் கரைந்திருக்கிறது. தாளில் பட்டதும் ஆல்கஹால் ஆவியாகிவிடும், சாயம் மட்டும் தங்கும். அதன்மேல் மறுபடி மார்க்கர் பட்டால், காய்ந்த சாயம் திரும்பக் கரைந்து புதிய நிறத்தோடு கலக்கும். இரண்டு சிவப்புக்கு நடுவே எல்லை தெரியாமல் இழைய வைக்க முடிவது இதனால்தான்.

ஜப்பானின் `காப்பிக்' மார்க்கர்கள் 1987-ல் வந்தன. ஜெராக்ஸ் எடுத்த தாளின்மேல் வண்ணம் தீட்டினாலும் கறுப்புக் கோடுகள் கரையக் கூடாது என்பதற்காக உருவானவை அவை. `காப்பி'யிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. டிசைனர்களும் மாங்கா ஓவியர்களும் பயன்படுத்திய பொருள், இன்று விலை குறைந்த பல பிராண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளின் மேஜைக்கும் வந்துவிட்டது. காப்பிக்கில் ஒற்றை மார்க்கரே சில நூறு ரூபாய். கற்றுக்கொள்ளும் கட்டத்தில் அது தேவையில்லை. அதேபோல 120, 168 நிறங்கள் கொண்ட பெரிய பெட்டியும் தேவையில்லை. 24 அல்லது 36 நிறம் போதும். ஆனால், அதில் ஒரே நிறத்தின் வெளிர், நடுத்தரம், அடர்த்தி என மூன்று ஷேடுகளாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வானவில்போல ஏழு நிறமும் ஒவ்வொன்று மட்டும் இருக்கும் செட்டில் பூ வரைய முடியாது, பூக்கோலம்தான் போடலாம்.

முனையையும் பாருங்கள். ஒருபக்கம் உளிபோல் பட்டையான முனையும், மறுபக்கம் வளைந்து கொடுக்கும் ப்ரஷ் முனையும் இருப்பது பூவுக்கு நல்லது. ஒருபக்கம் பட்டை, மறுபக்கம் குச்சிபோல் கெட்டியான முனை என்று வருபவை விலை குறைவு. ஆனால், இதழின் ரேகையை அவற்றால் இழுப்பது கஷ்டம்.

முதல் எதிரி: ஏ4 தாள்

பிரின்ட் எடுக்கும் 75 ஜிஎஸ்எம் தாள் இந்த மையைத் தாங்காது. மை பக்கவாட்டில் பரவும், பின்பக்கமும் இறங்கும். கரடுமுரடான வாட்டர்கலர் தாளும் சரிப்படாது. அது மையைக் குடித்துக்கொண்டே இருக்கும், மார்க்கர் சீக்கிரம் வற்றிவிடும். வழுவழுப்பும் கனமும் உள்ள தாள் வேண்டும். மார்க்கர் பேட் என்றே கடைகளில் கிடைக்கிறது. அது கிடைக்காவிட்டால், பொறியியல் மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கும் ஐவரி ஷீட் கைகொடுக்கும். எந்தத் தாளாக இருந்தாலும் அடியில் ஒரு பழைய தாளை வைத்துவிடுங்கள். டைனிங் டேபிள் தப்பிக்கும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. வரையப்போகும் அதே தாளில் ஒரு துண்டை வெட்டி, எல்லா மார்க்கரையும் கட்டம் கட்டமாகத் தீட்டி, அருகில் எண்ணை எழுதி வையுங்கள். மூடியில் தெரியும் நிறமும் தாளில் காயும் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை. ஈரமாக இருக்கும்போது அடர்த்தியாகத் தெரிவது, காய்ந்ததும் ஒரு படி வெளிறும். இந்த அட்டவணை இல்லாமல் வரைய உட்காருவது, உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் லேபிள் ஒட்டாமல் சமைப்பதுபோலத்தான்.

இனி செம்பருத்தி

ரோஜாவைவிட செம்பருத்தியில் தொடங்குவது நல்லது. ஒற்றை அடுக்குச் செம்பருத்திக்கு ஐந்தே இதழ்கள். அமைப்பு வெளிப்படையாகத் தெரியும், தொட்டியிலோ பக்கத்து வீட்டு மதில் ஓரத்திலோ பூ கிடைத்துவிடும். ஒரே சிக்கல், அது ஒருநாள் பூ. காலையில் விரிந்து மாலைக்குள் சுருளத் தொடங்கிவிடும். எனவே காலையிலேயே பறித்து, ஜன்னலோரம் ஒரு பக்கத்து வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்துவிடுங்கள். மொபைல் கேமராவில் அடர் சிவப்பு பெரும்பாலும் ஒரே திட்டாகப் பதியும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் ரேகைகள் தெரியும். அதே படத்தை பிளாக் அண்ட் ஒயிட்டாகவும் மாற்றிப் பாருங்கள். எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பது நிறத்தின் குழப்பமின்றிப் புரியும்.

அவசரப்படாமல் பத்து நிமிடம் பூவையே பாருங்கள். ஒவ்வோர் இதழும் ஒரு பக்கம் அடுத்த இதழின்மேல் ஏறியும், மறுபக்கம் முந்தைய இதழின்கீழ் நுழைந்தும் இருக்கும், காற்றாடிபோல. பூ நிஜம்போலத் தெரிவதற்கு இந்த ஒரு விஷயமே பாதிக் காரணம். மேலே ஏறிய இதழின் விளிம்பு வெளிச்சமாகவும், அதன்கீழ் ஒளிந்த பகுதி நிழலாகவும் இருக்கும். தொடங்குபவர்கள் ஐந்து இதழையும் தனித்தனியாக, ஒன்றையொன்று தொடாமல் வரைந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எத்தனை ஷேடு கொடுத்தாலும் அது ரங்கோலிப் பூவாகத்தான் இருக்கும்.

பென்சில் கோடு மிக லேசாக இருக்கட்டும். அழுத்தி வரைந்தால் கரி மையோடு கலந்து அழுக்காகும். மை காய்ந்தபிறகு அந்தக் கோட்டை அழிக்கவும் முடியாது. பால்பாயின்ட் அல்லது ஜெல் பேனாவால் அவுட்லைன் போடாதீர்கள். ஆல்கஹால் பட்டதும் பல பேனா மைகள் கரைந்து ஓடும். அது மட்டுமல்ல, நிஜப்பூவைச் சுற்றிக் கறுப்புக் கோடு எங்கே இருக்கிறது?

நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். இந்த மை கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவது. சிவப்பின்மேல் மஞ்சளை வைத்தால் மஞ்சள் தெரியாது. வெளிச்சமாக வேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டுவைப்பதுதான் ஒரே வழி.

இப்போது ஓர் இதழ். ஒன்றே ஒன்று. முழு இதழிலும் வெளிர் சிவப்பைத் தீட்டுங்கள். கோட்டைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்திவிடுங்கள், மை தானாக ஊறிக் கோட்டுக்கு வந்துவிடும். ஈரம் காயும் முன் நடுத்தரச் சிவப்பை எடுத்து, பூவின் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து விடுங்கள். தீக்குச்சியை உரசுவதுபோல, கோட்டின் முடிவில் முனை தாளைவிட்டு மேலே எழ வேண்டும். அப்போதுதான் தொடக்கத்தில் பட்டையாகவும் முடிவில் ஊசியாகவும் கோடு வரும். இதழின் ரேகைகளும் அப்படித்தானே ஓடுகின்றன? இதழில் மூன்றில் இரண்டு பங்குவரை இதைக் கொண்டுபோகலாம். அடர் சிவப்பு, மையத்தை ஒட்டிய மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். பிறகு வந்த வழியே திரும்புங்கள். அடர்த்தியும் நடுத்தரமும் சேரும் இடத்தில் நடுத்தர மார்க்கரையும், நடுத்தரமும் வெளிரும் சேரும் இடத்தில் வெளிர் மார்க்கரையும் தேய்த்தால் எல்லைகள் கரைந்துவிடும்.

எந்த மூன்று நிறம் என்று குழம்புபவர்களுக்கு காப்பிக் எண்முறை நல்ல பாடம். எழுத்து நிறக் குடும்பத்தைச் சொல்லும், ஆர் என்றால் சிவப்பு. முதல் எண், நிறம் எவ்வளவு பளிச் அல்லது மங்கல் என்பது. கடைசி எண் கூடக்கூட அடர்த்தி கூடும். ஆர் 22, ஆர் 27, ஆர் 29 மூன்றும் ஒரே வரிசை என்பதால் எளிதில் இழையும். மற்ற பிராண்டுகளில் எண்கள் வேறு மாதிரி இருக்கும். அங்கேதான் நீங்கள் தயாரித்த அட்டவணை உதவும்.

இங்கேதான் நம் ஊர் ஃபேன் குறுக்கே வருகிறது. வெயில் காலத்தில் தலைக்குமேல் ஃபேன் சுற்றினால் ஆல்கஹால் மளமளவென ஆவியாகும். இரண்டாவது மார்க்கரின் மூடியைத் திறப்பதற்குள் முதல் நிறம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வரையவும் கூடாது, நெடி தலைவலி தரும். ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவைப்பது நல்ல ஏற்பாடு. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் அருகில் இல்லாத நேரத்தில் வரையுங்கள். மை தீப்பற்றக்கூடியது, அடுப்பங்கரை மேடை வேண்டவே வேண்டாம்.

அடுத்தடுத்த இதழ்களை வரிசையாகத் தீட்டாதீர்கள். ஈரமான இரண்டு இதழ்கள் தொட்டுக்கொண்டால் மை கலந்து எல்லை போய்விடும். 1, 3 முடித்து, காய்ந்தபின் 2, 4, கடைசியில் 5 என்று போகலாம். அவசரமில்லாமல் செய்தால் ஒரு பூவுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். ரீல்ஸில் அதைத்தான் முப்பது விநாடிக்குச் சுருக்கிக் காட்டுகிறார்கள்.

எல்லாம் நன்றாகக் காய்ந்தபிறகு நிழல். இதழ் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் கறுப்பை வைத்துவிடாதீர்கள், சிவப்பு செத்துவிடும். மெரூன் நிறம் போதும். அது இல்லையென்றால் லேசான வயலட்டை வைத்து அதன்மேல் சிவப்பை ஓட்டினால் ஆழம் கிடைக்கும். மெல்லிய ரேகைகளுக்கு மார்க்கரே வேண்டும் என்பதில்லை. நன்றாகச் சீவிய அடர் சிவப்பு கலர் பென்சில் இன்னும் நுணுக்கமாக வேலை செய்யும். தண்டுக்கு வெளிர் சிவப்பு கொடுத்துவிட்டு, மகரந்தப் பைகளுக்கு மஞ்சள் போஸ்டர் கலரைப் பல்குத்தும் குச்சியில் தொட்டுப் புள்ளி வையுங்கள். நுனியில் ஐந்து சிவப்புப் புள்ளிகள். பளபளப்புக்கு வெள்ளை ஜெல் பேனாவில் இரண்டு மூன்று கீற்று, அவ்வளவுதான். அதன்மேல் மறுபடி மார்க்கரை ஓட்டினால் முனை கெட்டுவிடும். இலை விளிம்பு ரம்பப் பல்போல இருக்கும் என்பதை மறக்காதீர்கள். இலையின் நிழலுக்கு, பச்சையின்மேல் ஒரு சிவப்பு ஓட்டம் கொடுத்தால் தானாகவே கரும்பழுப்பு வரும்.

பெட்டியில் `0' என்றோ, பிளெண்டர் என்றோ நிறமில்லாத மார்க்கர் ஒன்று இருக்கும். பலரும் அதை ரப்பர் என்று நினைத்துத் தேய்க்கிறார்கள். அது மையை அழிக்காது, தள்ளிவிடும். கோட்டுக்கு வெளியே கசிந்த மையைக் கொஞ்சம் உள்ளே தள்ளலாம். சிவப்பு பெரிதாகக் கசிந்திருந்தால் அதுவும் உதவாது. அந்த இடத்தில் ஓர் இலையோ மொட்டோ வரைந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வெள்ளைப் பூ வேண்டுமா?

நந்தியாவட்டையை முயலுங்கள். அதற்கும் காற்றாடிபோல ஐந்து இதழ்தான். இங்கே பூவைத் தீட்டவே வேண்டாம். சுற்றிலும் அடர் பச்சை இலைகளைத் தீட்டினால் வெள்ளை தானாக எழுந்து நிற்கும். இதழ் மடியும் இடங்களில் மட்டும் மிக வெளிர் நீலச் சாம்பல், மையத்தில் துளி மஞ்சள். சொல்வதற்கு எளிது. கை சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமே.

மாட்டி வைக்கும் முன்...

மார்க்கர் பெட்டிகள் பெரும்பாலும் சொல்லாத ஒன்று உண்டு. இந்த மை சாயத்தால் ஆனது, வெளிச்சத்தில் வெளுக்கும். வெயில் படும் சுவரில் மாட்டினால் நாளடைவில் செம்பருத்தி வெளிறிவிடும். தோழியின் கல்யாணத்துக்கு வரைந்து ஃப்ரேம் போட்டுக் கொடுப்பவர்களும், வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து வரைந்து விற்பவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆசையாக வாங்கிச் சென்றவர் பிறகு வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியது வரைந்தவர்தான். எனவே முடித்தவுடன் நல்ல ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்துவிடுங்கள். பிரின்ட்டை ஃப்ரேம் போட்டுக் கொடுத்து, மூலப் படத்தை வெளிச்சம் படாத ஃபைலில் வைக்கலாம். மூலப் படமே வேண்டும் என்பவரிடம், ஜன்னலுக்கு எதிரில் மாட்டாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்க்கர்களையும் நிற்கவைக்காமல் படுக்கவையுங்கள், அப்போதுதான் இரண்டு முனைக்கும் மை சமமாகப் போகும். மூடும்போது `டக்' என்று சத்தம் கேட்க வேண்டும்.