ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு உயர்வு எப்போது?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகளுக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. அரசாங்கப் பள்ளிக்கூடம். வீட்டில் ஒரே மகிழ்ச்சி. தெருவில் உள்ள எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள்.

முதல் மாதச் சம்பளம் வந்தது. மகள் அதை அம்மா கையில் கொடுத்தாள். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"எத்தனாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறாய்?"

"ஒன்றாம் வகுப்புக்கு, அம்மா."

தாயின் முகம் வாடிவிட்டது.

"இவ்வளவு படித்தது அ, ஆ சொல்லிக் கொடுக்கவா? பெரிய வகுப்புக்கு எப்போது போவாய்?"

அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். அரசாங்கம் போடுகிற கணக்கும் அதுதானே!

உயர உயர...

5-ம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவர் இடைநிலை ஆசிரியர். பிளஸ்-2 முடித்து, 2 ஆண்டு ஆசிரியர் பயிற்சி பெற்றவர். 6-ம் வகுப்பு முதல் 10-ம் வகுப்பு வரை பட்டதாரி ஆசிரியர். பட்டமும் பி.எட்.டும் வேண்டும். 11, 12-ம் வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர். அதற்கு மேல் தலைமை ஆசிரியர். அதற்கும் மேல் கல்வி அதிகாரிகள்.

ஒவ்வொரு படி ஏறும்போதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சம்பளம் கூடுகிறது. பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிறார்கள். கடைசிப் படிக்குப் போனால் பிள்ளைகளே இல்லை! மேஜையும் பைலும்தான் இருக்கின்றன.

பாடம் நன்றாக நடத்துகிற ஆசிரியருக்கு நாம் கொடுக்கும் பரிசு என்ன? "இனி நீங்கள் பாடம் நடத்தவேண்டாம்" என்பதுதான்.

இதே இடத்தில் இருந்தாலும் உயர்வு உண்டே என்று சிலர் சொல்வார்கள். உண்டு. 10 ஆண்டு ஆனால் தேர்வு நிலை. 20 ஆண்டு ஆனால் சிறப்பு நிலை. ஆனால் அது காலண்டரைப் பார்த்துக் கொடுப்பது. உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தியவருக்கும், நாற்காலியில் தூங்கியவருக்கும் ஒரே அளவுதான்.

எளிதான வேலையா?

ஒன்றாம் வகுப்பு எளிது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.

"க" என்று ஓர் எழுத்து. "கடல்" என்னும்போது ஓர் ஓசை. "தங்கம்" என்னும்போது வேறு ஓசை. "பகல்" என்னும்போது இன்னொன்று. நமக்குப் பழகிவிட்டது. 5 வயதுக் குழந்தைக்கு? "கெ" எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் ஓசையோ "க்" ஓசைக்குப் பின்னால் வருகிறது. "கொ" என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. குழந்தை தடுமாறுகிற இடம் இது. எந்தக் குழந்தை எங்கே தடுமாறுகிறது என்பதை ஆசிரியை கண்டுபிடிக்கவேண்டும். ஒரு குழந்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒரு குழந்தை காலையில் சாப்பிட்டிருக்காது. இன்னொன்று அம்மாவை நினைத்து அழும். மூன்றும் பார்ப்பதற்கு "படிக்காத பிள்ளை" போலத்தான் இருக்கும்.

இங்கே எழுத்து பிடிபடாமல் போனால் என்ன ஆகும்? மூன்றாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்தைப் பிரிப்பான். "ராமுவிடம் 12 மாம்பழங்கள் இருந்தன" என்று இருக்கும். அவனுக்குக் கழிக்கத் தெரியும். ஆனால் அந்த வரியைப் படிக்கத் தெரியாதே! கணக்கிலும் முட்டை. பிறகு அறிவியலில், பிறகு எல்லாவற்றிலும். பத்தாம் வகுப்பில் எவ்வளவு பெரிய ஆசிரியர் வந்தாலும் என்ன செய்வார், பாவம்!

இது அரசாங்கத்துக்குத் தெரியாதது அல்ல. கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த பிறகு, 2022-ல் தமிழ்நாட்டில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கியது. 1 முதல் 3-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளைத்தான் முதலில் அதில் சேர்த்தார்கள். அஸ்திவாரம் எது என்று கண்டுகொண்டார்கள். அஸ்திவாரம் போடுகிறவரின் கூலியைப் பற்றித்தான் பேச்சு இல்லை.

கூலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2009 மே 31-ந் தேதி வரை வேலையில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள் முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200 ரூபாய்! ஒரே படிப்பு, ஒரே வேலை. ஒரு நாள் பிந்திய குற்றத்துக்கு 3,170 ரூபாய் குறைந்தது. அதற்காக ஆசிரியர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள்.

படிக்கவேண்டாமா?

நான் யாரையும் மேலே போகாதே என்று சொல்லவில்லை. ஆசிரியர் வேலையில் சேர்ந்தவர் படித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

டாக்டர் மு.வரதராசனார் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டார். தாமாகவே தமிழ் படித்து, 1935-ல் வித்துவான் பரீட்சையில் தேறினார். திருப்பத்தூரில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஆனார். பாடம் நடத்திக்கொண்டே மேலும் படித்தார். 1939-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். 1948-ல் டாக்டர் பட்டம். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்! வேலை கிடைத்துவிட்டது என்று புத்தகத்தை மூடியிருந்தால் இது நடந்திருக்குமா?

இன்று சட்டமும் படிக்கச் சொல்கிறது. ஆசிரியர் தகுதித்தேர்வு இருக்கிறது. 150 கேள்விகள், 150 மதிப்பெண். பழைய ஆசிரியர்கள் இதை எழுதாமலே இருந்தார்கள். 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு கூறியது. ஓய்வுபெற 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் தேறவேண்டும் என்றது. 5 ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் வேலையில் நீடிக்கலாம்; ஆனால் பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் தேறவேண்டும் என்றது. 50 வயது ஆசிரியைகள், மகன் படிக்கும் மேஜையிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் எல்லோரும் துணைவேந்தர் ஆகமுடியாது. சிலருக்குச் சின்னப் பிள்ளைகளிடம் இருக்கத்தான் பிடிக்கும். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கு என்ன வழி?

சிங்கப்பூரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே ஆசிரியருக்கு மூன்று பாதைகள். ஒன்று, தலைமை ஆசிரியர் ஆகிற பாதை. ஒன்று, கல்வி நிபுணர் ஆகிற பாதை. மூன்றாவது, பாடம் நடத்துகிற பாதை. இந்த மூன்றாவது பாதையிலும் மூத்த ஆசிரியர், அதற்கு மேல், அதற்கும் மேல் என்று படிகள் உண்டு. வகுப்பை விட்டு ஓடாமலே உயரலாம். அங்குள்ள தமிழ் ஆசிரியர்களுக்கும் இது உண்டு.

நம் ஊரில் ஏன் கூடாது? சின்ன வகுப்பில் 10 ஆண்டு நன்றாக வேலை செய்தவர், விரும்பினால், "மூத்த ஆசிரியர்" ஆகட்டும். தலைமை ஆசிரியருக்கு நிகரான சம்பளம் கொடுங்கள். பாதி நேரம் சொந்த வகுப்பு. மீதி நேரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்கட்டும்.

"நன்றாக வேலை செய்தவர் என்று யார் சொல்வது? சிபாரிசு புகுந்துவிடுமே!" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், படிப்பு வராத பிள்ளையை வகுப்பிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள். அதுவும் ஆபத்து. ஆகவே ஓர் அதிகாரி ஒரு நாள் வந்து பார்த்து எழுதுவது போதாது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர், ஆண்டில் பல தடவை, சொல்லாமல் வந்து பார்க்கட்டும். கடைசி பெஞ்சுப் பிள்ளை வாசிக்கிறதா என்று கேட்கட்டும். சிபாரிசை அடியோடு ஒழிக்கமுடியாதுதான். அதற்காக உயர்வே வேண்டாம் என்பதா?

முதலில் சொன்னேனே, அந்தப் பெண். தபால் வழியில் பட்டம் படிக்கிறாள். அடுத்தது பி.எட். பெரிய வகுப்புக்குப் போகவேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. அவளிடம் கேட்டேன்: "உனக்கு?"

"எனக்கு இங்கேதான் பிடித்திருக்கிறது, மாமா. ஆனால் தம்பிக்குப் படிப்புச் செலவு இருக்கிறதே" என்றாள்.

அவள் வகுப்பில் 23 குழந்தைகள். பள்ளிக்கூடம் வந்தபோது வாயே திறக்காத ஒரு பையன், போன வாரம் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டினானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே!